எலும்புக்குப் பரவிய புற்றுநோய் வலியும் கதிர்வீச்சும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கதிர்வீச்சுப் பிரிவில் நர்ஸாக வேலை பார்க்கிறேன். மெஷின் அறைக்கு வெளியே இருக்கும் பெஞ்சில் உட்கார்ந்தபடி நோயாளிகளும் வீட்டுக்காரர்களும் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றையே சுற்றி வரும்: "வலி குறையுமா? முன்கூட்டியே சொல்ல முடியுமா?" டாக்டர் அறைக்குள் கேட்கத் தயங்கியதை என்னிடம் கேட்பார்கள். அவர்கள் கேட்ட விதத்திலேயே எழுதி, பதில்களையும் சேர்த்திருக்கிறேன். இங்கே பேசுவது எலும்புக்குப் பரவிய நோயால் வரும் வலிக்கு வைக்கும் கதிர்வீச்சைப் பற்றி மட்டும்தான். நோயைக் குணப்படுத்த வைக்கும் கதிர்வீச்சு வேறு கதை.

"கரண்ட் வைக்கணும்னு சொல்லிட்டாங்க. ஷாக் அடிக்கிற மாதிரி இருக்குமா?"

இருக்காது. ஊரில் 'கரண்ட் வைக்கிறது' என்று சொல்லிச் சொல்லியே இந்தப் பயம் வந்துவிட்டது. உடம்பில் மின்சாரம் எதுவும் பாய்வதில்லை. எக்ஸ்ரே எடுப்பது போலத்தான், ஆனால் அதைவிடப் பல மடங்கு சக்தி உள்ள கதிர். படுத்திருக்கும்போது சூடோ குத்தலோ எதுவும் தெரியாது. முதலில் ஒரு சி.டி. ஸ்கேன் எடுத்து, தோலில் மையால் குறி போடுவார்கள். பிறகு மெஷினில் சில நிமிடங்கள், அவ்வளவுதான்.

உண்மையில் கஷ்டம் எது தெரியுமா? அந்தக் கடினமான பலகை மேல் வலியோடு அசையாமல் படுப்பது. அதனால் கிளம்புவதற்கு முன்பே வலி மாத்திரையைப் போட்டுவிட்டு வாருங்கள். மெஷினுக்குப் போக வேண்டும் என்பதற்காகக் காலை மாத்திரையை விட்டுவிட்டு வருபவர்களை வாரத்துக்கு ஒருவராவது பார்க்கிறேன்.

"வச்சா வலி போயிடும்னு எத்தனை சதவீதம் சொல்லலாம்?"

இது உலகம் முழுக்க நிறைய ஆராயப்பட்ட விஷயம். இருபதுக்கும் மேற்பட்ட சோதனைகளை ஒன்றாகச் சேர்த்து 2012-இல் வந்த அலசலில், நூறு பேருக்கு வைத்தால் சுமார் 60 பேருக்கு வலி குறிப்பிடத்தக்க அளவு குறைந்தது. அந்த அறுபதுக்குள் 23, 24 பேருக்கு வலி முழுசாகவே போனது.

சில டாக்டர்கள் "பத்தில் ஏழு பேருக்கு" என்று சொல்வார்கள், அதுவும் தப்பில்லை. 60 என்ற கணக்கில், இடையில் இறந்துபோனவர்களும் திரும்ப வந்து வலியைச் சொல்லாதவர்களும் 'பலன் இல்லை' என்ற பக்கத்தில் எழுதப்பட்டிருக்கிறார்கள். திரும்ப வந்து சொன்னவர்களை மட்டும் எண்ணினால் எழுபதைத் தாண்டும். நெதர்லாந்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் நடந்த பெரிய ஆய்வில் சுமார் 71 சதவீதம் வந்தது.

இதெல்லாம் நூறு பேருக்கான எண். உங்கள் அப்பா அந்த நூறில் எந்தப் பக்கம் என்பதை எண் சொல்லாது. அதைக் கொஞ்சமாவது ஊகிக்க உதவும் விஷயங்களுக்குப் பின்னால் வருகிறேன்.

"குறைஞ்சிருக்குன்னு எதை வச்சுச் சொல்றாங்க? அவருக்கு நேத்து பரவாயில்ல, இன்னிக்கு மோசம்னு இருக்கே."

வலியே இல்லை என்றால் 0, நினைத்துப் பார்க்கவே முடியாத வலி என்றால் 10. இந்த அளவில் நோயாளியே தன் வலிக்கு எண் சொல்ல வேண்டும். வலி மருந்தைக் கூட்டாமலேயே எண் 2 அல்லது அதற்கு மேல் இறங்கினால் 'குறைந்திருக்கிறது' என்று எடுத்துக்கொள்வார்கள். எண் அப்படியே இருந்து, வலி மருந்து கால் பங்கு குறைந்தாலும் அது பலன்தான். மருந்தையும் கூட்டாமல் எண்ணும் 0-க்கு வந்தால் முழுப் பலன்.

எண் சொல்லத் தெரியாத பெரியவர்கள் "எட்டணா குறைஞ்சிருக்கும்மா" என்பார்கள். அதுவே போதும். ஆனால் எழுதி வைக்க வேண்டும். ஒரு சின்ன நோட்டில் தினமும் காலை, இரவு இரண்டு எண், அன்றைக்குப் போட்ட மாத்திரைகள். மூன்று வாரம் கழித்து "எப்படி இருக்கு?" என்று டாக்டர் கேட்கும்போது அந்த நோட்டைக் காட்டுங்கள். ஞாபகத்தை நம்பினால் முந்தின நாள் ராத்திரி வலிதான் மொத்தக் கதையாகிவிடும்.

இன்னொன்று, எண்ணை நோயாளியே சொல்லட்டும். மகனுக்குக் கவலை என்று அப்பா குறைத்துச் சொல்வார், அப்பா மறைக்கிறார் என்று மகன் கூட்டிச் சொல்வார். நான் இரண்டு பேரையும் தனித்தனியாகக் கேட்டுப் பார்த்திருக்கிறேன், ஒத்துப்போவது அபூர்வம்.

"வச்சு நாலு நாளாச்சு, ஒண்ணும் தெரியலையே. வேலை செய்யலையா?"

அதற்குள் முடிவு பண்ணாதீர்கள். சிலருக்கு ஓரிரு நாளிலேயே தெரியும், பலருக்கு இரண்டு மூன்று வாரம் ஆகும். சரியாகக் கணக்குப் பார்க்க வேண்டிய நேரம் நான்கு வாரத்துக்கு மேல். அதுவரை வலி மருந்து தொடர்ந்தே ஆக வேண்டும். கதிர்வீச்சு வேலை செய்யும்வரை வலியைப் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று எந்த விதியும் இல்லை.

"குறையும்னு வச்சா மறுநாள் ஜாஸ்தியாயிடுச்சு! தப்பா வச்சுட்டாங்களா?"

தப்பில்லை. வைத்த முதல் சில நாட்களில் வலி தற்காலிகமாக ஏறும். மூன்றில் ஒருவருக்காவது இது நடக்கும் என்று எதிர்பார்க்கலாம், சில ஆய்வுகளில் பத்தில் நான்கு பேர் வரை. ஓரிரு நாளில், சிலருக்கு இன்னும் கொஞ்சம் தள்ளி, தானாக அடங்கிவிடும். இப்படி ஏறினால் கடைசியில் பலன் இருக்காது என்று அர்த்தமில்லை, நிச்சயம் இருக்கும் என்றும் அர்த்தமில்லை. முன்கூட்டிக் கணிக்க இது உதவாது.

கனடாவில் நடந்து 2015-இல் வெளியான சோதனையில், டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை 8 மில்லிகிராம் வீதம் ஐந்து நாள் கொடுத்தவர்களில் 26 சதவீதம் பேருக்கு இந்த ஏற்றம் வந்தது, கொடுக்காதவர்களில் 35 சதவீதம் பேருக்கு. உதவி உண்டு, ஆனால் சர்க்கரையை ஏற்றிவிடும் மருந்து இது. நம் வீடுகளில் சர்க்கரை இல்லாத பெரியவர் யார்? அதனால் டாக்டர் சொல்லாமல் நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். முன்னாடியே "இப்படி ஏறினால் கூடுதலாக எந்த மாத்திரை, எத்தனை போடலாம்?" என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இது நடக்கும் என்று யாரும் சொல்லாததால், ராத்திரி இரண்டு மணிக்கு ஆட்டோ பிடித்து ஓடி வந்த குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். ஒரு வாக்கியம் முன்னாடியே சொல்லியிருந்தால் அந்த அலைச்சல் மிச்சம்.

"பக்கத்து பெட்காரருக்குப் பத்து நாள் வைக்கிறாங்க. எங்களுக்கு ஒரே நாள்தானா? காப்பீட்டுல வந்தவங்கன்னு குறைச்சுட்டாங்களா?"

இந்தக் கேள்வியில் இருக்கும் வருத்தம் எனக்குப் புரிகிறது. ஆனால் ஒரே நாள் என்பது குறைந்த வைத்தியம் இல்லை. ஒரே தடவை 8 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு கிரே), பத்து நாளில் 30 கிரே, ஐந்து நாளில் 20 கிரே எல்லாமே நடைமுறையில் உண்டு. மேலே சொன்ன 2012 அலசலில் ஒரே தடவை வைத்தவர்களில் 60 சதவீதம் பேருக்குப் பலன், பல தடவை வைத்தவர்களில் 61. முழுசாகப் போனது 23-க்கு 24. வலியைப் பொறுத்தவரை வித்தியாசமே இல்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

வித்தியாசம் ஒன்று உண்டு. ஒரே நாள் வைத்தவர்களில் நூற்றுக்கு 20 பேருக்கு அதே இடத்தில் மறுபடி வைக்க வேண்டி வந்தது, பல நாள் வைத்தவர்களில் 8 பேருக்கு. இதில் ஒரு பகுதி, ஏற்கெனவே நிறைய வாங்கியவருக்கு மறுபடி வைக்க டாக்டர்கள் தயங்குவதால் வந்த வித்தியாசமாகவும் இருக்கலாம். தினமும் எழுபது கிலோமீட்டர் பஸ்ஸில் வந்துபோகும் ஒருவருக்கு, முதுகெலும்பு வலியோடு பத்து நாள் அந்தப் பயணம் என்ன செய்யும் என்று யோசித்துப் பாருங்கள். என்னைக் கேட்டால், சாதாரண எலும்பு வலிக்கு ஒரே நாள்தான் கருணையான வழி. எலும்பில் அறுவை செய்து கம்பி வைத்த பிறகோ, தண்டுவடம் நசுங்கும் நிலையிலோ பல நாள் வைப்பதற்குத் தனிக் காரணங்கள் உண்டு. "எங்களுக்கு ஏன் இத்தனை நாள்?" என்று டாக்டரிடமே கேளுங்கள், அது மரியாதைக் குறைவு ஆகாது.

"மார்பின் குடுக்குறாங்க. கரண்ட் வச்சாச்சு, இனிமே நிறுத்திடலாமா?"

கடும் வலிக்குக் கொடுக்கும் மார்பின் மாத்திரையைத் திடீரென்று நிறுத்தக் கூடாது. ஒரு அம்மா கதிர்வீச்சு வைத்த அன்றே எல்லா மாத்திரையையும் நிறுத்திவிட்டு, மூன்றாம் நாள் வியர்த்து, வயிறு கலங்கி, வலி இரண்டு மடங்காகி வந்தார். பழகிய மார்பினைத் திடீரென நிறுத்தினால் உடம்பு அப்படித்தான் எதிர்க்கும்.

அதே சமயம் வலி இறங்க இறங்க, முன்பு சரியாக இருந்த அளவு இப்போது அதிகமாகத் தெரியலாம். எப்போதும் இல்லாத தூக்கக் கலக்கம் வந்தால் உடனே டாக்டரிடம் சொல்லுங்கள், படிப்படியாகக் குறைப்பார்கள். இதுவும் கதிர்வீச்சு வேலை செய்கிறது என்பதற்கு ஒரு அடையாளமாக இருக்கலாம்.

"வலி இப்போ தாங்குற அளவுலதான் இருக்கு. ரொம்ப ஆனதும் வச்சுக்கலாமா?"

வேண்டாம். நடுத்தர வலி உள்ளவர்களும் கடும் வலி உள்ளவர்களும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் பலன் பெறுகிறார்கள். காத்திருப்பதால் கிடைக்கும் லாபம் எதுவும் இல்லை. நடக்க முடிகிற நாட்கள் வலியில் கழியும், நட்டம் அதுதான்.

"யாருக்குக் கேக்கும், யாருக்குக் கேக்காதுன்னு முன்னாடியே தெரியாதா? தெரிஞ்சா வீணா அலைய வேண்டாமே."

கொஞ்சம் தெரியும், முழுசாகத் தெரியாது. இந்தப் பக்கத்தையே இந்தக் கேள்விக்காகத்தான் எழுத ஆரம்பித்தேன், அதனால் நிதானமாகச் சொல்கிறேன்.

நோய் எங்கிருந்து வந்தது என்பது ஒன்று. மார்பகம், புரோஸ்டேட் ஆகியவற்றிலிருந்து எலும்புக்கு வந்த வலி மற்றவற்றைவிட நன்றாகக் கேட்கும். மைலோமா என்ற எலும்பு மஜ்ஜைப் புற்றுநோயும் கதிருக்கு நன்றாக அடங்கும். நுரையீரல், சிறுநீரகம் ஆகியவற்றிலிருந்து வந்தால் வாய்ப்பு சற்றுக் குறைவு, ஆனால் அவர்களிலும் கணிசமானவர்களுக்கு வலி குறைகிறது. அடுத்தது ஆள் எப்படி இருக்கிறார் என்பது. தானாக எழுந்து குளித்து நாலு அடி நடப்பவருக்கு வாய்ப்பு அதிகம், நாள் முழுக்கப் படுக்கையிலேயே இருப்பவருக்குக் குறைவு. ஈரல், நுரையீரல் போன்ற உள்ளுறுப்புகளுக்கும் பரவியிருந்தாலும் குறைவு. இவை எல்லாம் ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வரும் விஷயங்கள்.

ஆனால் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்த எனக்கு, எல்லாவற்றையும்விட முக்கியமாகப் படுவது இரண்டு: வலிக்கும் இடமும் ஸ்கேனில் தெரியும் இடமும் ஒன்றுதானா, அது எந்த மாதிரி வலி. நல்ல டாக்டர் முதுகெலும்பைக் கட்டை விரலால் ஒவ்வொரு கணுவாக அழுத்திப் பார்ப்பார். இடுப்பு மூட்டில் நோய் இருக்கும், வலி முழங்காலில் தெரியும். முதுகின் கீழ்ப்பகுதிக் கணுவில் நோய் இருக்கும், வலி இடுப்பெலும்பின் ஓரத்தில் தெரியும். இப்படிப்பட்டவருக்கு வலிக்கிற இடத்துக்கே வைத்தால் வீணாகிவிடும். அதனால் "இங்கே வலிக்கிறது" என்று விரலால் காட்டுங்கள், எப்போது வலிக்கிறது என்றும் சொல்லுங்கள். ஸ்கேன் சொல்லாததை அந்த இரண்டும் சொல்லும்.

இந்தக் காரணங்களில் எதுவும், எல்லாம் சேர்ந்தும்கூட, "இவருக்கு வைக்கவே வேண்டாம்" என்று சொல்லும் அளவுக்குப் பலமானது இல்லை. வாய்ப்பு குறைவு என்பதற்கும் இல்லை என்பதற்கும் நிறைய தூரம்.

"படுத்தா வலியே இல்ல. எழுந்து நின்னா உயிர் போகுது. இதுக்கும் கேக்குமா?"

இந்த ஒரு வாக்கியத்தை டாக்டரிடம் அப்படியே சொல்லுங்கள். ராத்திரி, பகல் என்று இல்லாமல் உள்ளே குடைகிற வலி, நோய் எலும்பைத் தூண்டுவதால் வருவது. கதிர்வீச்சு அதற்குத்தான் நன்றாகக் கேட்கும். அசைந்தால், நின்றால் மட்டும் வரும் வலி, எலும்பு பாரத்தைத் தாங்க முடியாமல் ஆடுவதால் வருவது. இடிந்த தூணுக்கு வெள்ளையடிப்பது போல, அதற்குக் கதிர் மட்டும் போதாது.

முதுகெலும்பு எவ்வளவு ஆடுகிறது என்று கணக்கிட, 2010-இல் வந்த 'சின்ஸ்' என்ற மதிப்பெண் முறை இருக்கிறது. மொத்தம் 18. ஆறு வரை என்றால் உறுதி, 7 முதல் 12 வரை சந்தேகம், 13 அல்லது அதற்கு மேல் உறுதியில்லை. மதிப்பெண் கூடக் கூடக் கதிரால் வலி குறையும் வாய்ப்பு குறைகிறது. 7 வந்தாலே அறுவை நிபுணர் ஒருமுறை பார்ப்பது நல்லது. தொடை, கை எலும்புகளுக்கு மிரெல்ஸ் என்ற மதிப்பெண் உண்டு, அதில் 9 வந்தால் முறிவதற்கு முன்பே கம்பி வைப்பதைப் பற்றிப் பேசுவார்கள். கம்பி வைத்து, காயம் ஆறியதும் கதிர்வீச்சு வைப்பது வழக்கம்.

"இடுப்புல இருந்து கால் விரல் வரைக்கும் சுரீர்னு இழுக்குது. இது வேற வலியா?"

ஆமாம், நரம்பு வலி. எலும்பில் வளர்ந்தது நரம்பை அழுத்துகிறது. இதற்கும் கதிர் உதவும், கொஞ்சம் குறைவாக. ஆஸ்திரேலியா, நியூசிலாந்தில் 272 பேரிடம் நடந்து 2005-இல் வெளியான சோதனையில், ஒரே தடவை 8 கிரே வாங்கியவர்களில் 53 சதவீதம் பேருக்கும், ஐந்து நாளில் 20 கிரே வாங்கியவர்களில் 61 சதவீதம் பேருக்கும் பலன் இருந்தது. இதனால் சில டாக்டர்கள் நரம்பு வலிக்கு மட்டும் ஐந்து நாளைத் தேர்ந்தெடுப்பார்கள். நரம்புக்கான மாத்திரைகளும் கூடவே தேவைப்படும்.

ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். கால் மரத்துப்போவது, நடையில் தள்ளாட்டம், ஒன்றுக்கு ரெண்டுக்குப் போவதில் திடீர் மாற்றம் இவற்றில் ஏதாவது வந்தால் மறுநாள் வரை காத்திருக்காதீர்கள். தண்டுவடம் நசுங்குவதாக இருக்கலாம். நடக்க முடிகிறபோதே சிகிச்சை ஆரம்பித்தால் நடை பெரும்பாலும் தங்கும். கால் முழுக்க விழுந்த பிறகு அதைத் திரும்பப் பெறுவது கடினம்.

"மறுபடி ஸ்கேன் எடுத்தோம், கட்டி அப்படியேதான் இருக்கு. அப்போ தோல்விதானே?"

வலி குறைந்திருக்கிறதா? குறைந்திருந்தால் வெற்றி. ஓரிரு நாளில் வலி குறைபவர்களும் இருக்கிறார்கள் என்று மேலே சொன்னேன். அத்தனை சீக்கிரம் எந்தக் கட்டியும் சுருங்காது. எலும்பை அரிக்கும் செல்களும், வலியைத் தூண்டும் ரசாயனங்களும் முதலில் அடங்குகின்றன என்று கருதுகிறார்கள். அரிக்கப்பட்ட எலும்பில் மறுபடி சுண்ணாம்புச் சத்து படிய மாதக்கணக்கில் ஆகும். வலிக்கு ஸ்கேன் சாட்சி இல்லை, நோட்டில் எழுதிய எண்தான் சாட்சி.

"கம்ப்யூட்டர்ல போட்டா சரியாச் சொல்லிடும்னு பையன் சொல்றான். ரத்தப் பரிசோதனை ஏதாவது இருக்கா?"

மேலே சொன்ன காரணங்களைச் சூத்திரமாக்கிப் பார்த்திருக்கிறார்கள். ஒரு ஆளைப் பார்த்து உறுதியாகச் சொல்லும் கூர்மை அவற்றுக்கு இல்லை. ஸ்கேன் படத்தைக் கணினியால் அலசுவதும், மரபணு அடையாளம் தேடுவதும் ஆராய்ச்சி அளவில் நடக்கின்றன. இதை முன்கூட்டிச் சொல்லும் ரத்தப் பரிசோதனை எதுவும் அன்றாட நடைமுறையில் இல்லை. யாராவது அப்படிச் சொல்லிப் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

"புது மெஷின்ல ஒரே புள்ளியில நிறைய வச்சா நல்லாப் போகுமாமே?"

எஸ்.பி.ஆர்.டி. என்று சொல்வார்கள். முதுகெலும்புக்கு இதை வைத்துப் பார்த்து 2021-இல் வெளியான கனடா-ஆஸ்திரேலியச் சோதனையில், இரண்டு நாளில் 24 கிரே வைத்தவர்களில் 35 சதவீதம் பேருக்கு மூன்று மாதத்தில் வலி முழுசாகப் போனது, வழக்கமான முறையில் 14 சதவீதம்தான். ஆனால் ஒரே தடவை 16 அல்லது 18 கிரேயை 8 கிரேயோடு ஒப்பிட்ட அமெரிக்கச் சோதனையில் அப்படி ஒரு லாபம் தெரியவில்லை. அதனால் எல்லோருக்கும் இதுதான் என்று சொல்ல முடியாது. நல்ல நடமாட்டத்தோடு, நீண்ட காலம் இருக்கக்கூடிய, சில இடங்களில் மட்டும் பரவியவருக்கு யோசிக்கலாம். இதற்காக வீட்டை அடகு வைக்க நினைக்கும் குடும்பத்திடம், வழக்கமான முறையை முதலில் வைத்துப் பார்க்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள் என்றுதான் சொல்வேன்.

"ஆறு மாசம் நல்லா இருந்தார். மறுபடி அதே இடத்துல வலி. இன்னொரு தடவை வைக்க முடியுமா?"

பெரும்பாலும் முடியும். முதல் தடவைக்குப் பிறகு குறைந்தது நான்கு வாரம் ஆகியிருக்க வேண்டும், தண்டுவடம் ஏற்கெனவே எவ்வளவு வாங்கியிருக்கிறது என்று கணக்குப் பார்ப்பார்கள். மறுபடி வைத்தவர்களில் சுமார் 58 சதவீதம் பேருக்குப் பலன் கிடைத்ததாக 2012-இல் வந்த ஒரு தொகுப்பு சொல்கிறது. முதல் தடவை கேட்காதவர்களில் சிலருக்கு இரண்டாவது தடவை கேட்டிருக்கிறது. பழைய ஃபைலைத் தொலைத்துவிடாதீர்கள். எங்கே, எத்தனை கிரே என்ற அந்த ஒரு தாள் இல்லாவிட்டால் எல்லாம் தாமதமாகும்.

அது உண்மையிலேயே அதே இடம்தானா என்றும் பாருங்கள். பெரிய வலி அடங்கியதும், அதற்குக் கீழே மறைந்திருந்த இன்னொரு வலி தலைகாட்டும். அது தோல்வி இல்லை, அடுத்த இடம்.

"அம்மா ரொம்பச் சோர்ந்துட்டாங்க. கொஞ்ச நாள்தான்னு டாக்டரே சொல்றார். இந்த நேரத்துல அலைக்கழிக்கணுமா?"

கடைசியாக எழுதினாலும், பெஞ்சில் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. கடைசி மூன்று மாதத்தில் இருந்தவர்களிலும் ஏறக்குறைய பாதிப் பேருக்கு வலி குறைந்திருக்கிறது. அதனால் நாள் குறைவு என்பதற்காக மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் பலன் தெரிய இரண்டு மூன்று வாரம் ஆகலாம் என்று முன்பே பார்த்தோம். மீதி இருப்பது நாட்கள்தான், வாரங்கள் இல்லை என்றால், அந்த நேரத்தை ஆம்புலன்ஸிலும் பெஞ்சிலும் செலவழிக்க வேண்டாம். மார்பினைச் சரியாக ஏற்றிக் கொடுத்து வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம்.

இன்னும் எத்தனை நாள் என்பதை டாக்டர்களும் இருப்பதைவிடக் கூடுதலாகவே மதிப்பிடுகிறார்கள், இது பல ஆய்வுகளில் தெரிந்த விஷயம். அதனால் நாள் கணக்கை ஒரு பக்கம் வைத்துவிட்டு வேறு சில கேள்விகளைக் கேளுங்கள். போன வாரத்தைவிட இந்த வாரம் எவ்வளவு இறங்கியிருக்கிறார்? காரில் ஒரு மணி நேரம் தாங்குவாரா? ஒரே நாளில் ஸ்கேன், குறி, கதிர்வீச்சு மூன்றையும் முடித்து அனுப்ப முடியுமா? பல இடங்களில் முடியும், கேட்டால் செய்து தருவார்கள். அப்புறம், அம்மாவிடமே கேளுங்கள். "ஒரு தடவை போயிட்டு வந்துடலாம்" என்று தெளிவாகச் சொன்னவர்களையும் பார்த்திருக்கிறேன், "என்னை எங்கேயும் தூக்கிட்டுப் போகாதீங்க" என்று கையைப் பிடித்துக்கொண்டவர்களையும் பார்த்திருக்கிறேன். இரண்டு பேருக்கும் வலி மருந்து கிடைத்தாக வேண்டும்.